உறங்கும் அல்லிக்குக் கட்டிய தாலி

சித்திரக்கதைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டிதழில் எழுதப் புகுபவர் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என எண்ணுவோர் நம்மிடையே உளர். அதிலும், முகமூடி அணிந்து வானிற் பறக்கும் இருவர் ஒருவரையொருவர் காதலிக்கும் கதையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வது கல்விக்கு இழுக்கு என்பது அவர்தம் துணிபு. அவர்கள் கூறும் குற்றச்சாட்டுகள் மூன்று. இது அந்நியச் சரக்கு என்பது ஒன்று. இது சிறுபிள்ளைகளுக்கு உரியது என்பது இரண்டாவது. இது வாழ்வின் உண்மைகளிலிருந்து வாசகரை விலக்கும் நச்சு இலக்கியம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. அத்துடன், இக்கதைகளில் உண்மையாகவே கண்டிக்கத்தக்க குறை ஒன்று உண்டு என்பதையும், நம் விமர்சகர் அதனை மட்டும் காணாது விட்டனர் என்பதையும் இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். அதிமனித வீரர் தோன்றும் சித்திரக்கதைகளிற் காதல் புதியதன்று. 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சூப்பர்மன் அறிமுகமான முதல் இதழிலேயே லோயிஸ் லேன் என்னும் பெண் பத்திரிகையாளரும் அறிமுகமாகிவிட்டார். ஆனால் அக்காதலின் அமைப்பு மிகப் பழையது. பறப்பவன் ஒருவன், விழுபவள் ஒருத்தி. அவள் மாடியிலிருந்து விழவேண்டும், அவன் ஏந்திக்கொள்ளவேண்டும். நான் பேச எடுத்துக்கொண்டது இவ்வகைக் காதலன்று. இருவரும் பறக்க வல்லவர்கள், இருவரும் போரிட வல்லவர்கள், ஒருவரை மற்றவர் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லாதவர்கள். அப்படிப்பட்ட இருவர், பிறப்பாலும் இயல்பாலும் சேரமுடியாதவர் என எல்லாரும் கருதும் இருவர், ஒருவரையொருவர் விரும்புகின்றனர். இப்பொருந்தாக் காதலுக்கே வாசகர் பெருந்தொகையாக மனம் இழக்கின்றனர். அதற்குக் காரணம் என்ன என்பதே வினா.

எடுத்துக்காட்டாக, மார்வெல் நிறுவனத்தின் கதைகளில் வரும் வாண்டாவையும் விஷனையும் கூறலாம். வாண்டா 1964 இல் தோன்றியவள். நிகழ்தகவையே மாற்றவல்ல மாய ஆற்றல் உடையவள். விஷன் 1968 இல் தோன்றியவன்; தாய் வயிற்றிற் பிறவாதவன், செயற்கையாக ஆக்கப்பட்ட உடலினன். மனிதரெனக் கொள்ளத் தயங்கும் ஒருவனை ஒரு பெண் விரும்புவதைக் கண்டு அவளின் உடன்பிறந்தவனே வெகுண்டெழுகின்றான். 1975 இல் இருவருக்கும் திருமணம் நிகழ்கின்றது. சாதியென்றும் மதமென்றும் குடியென்றும் பிரிக்கப்பட்டோர் காதலிக்கும்போது நம் ஊர்களில் எழும் அதே கூச்சல் அக்கதையிலும் எழுகின்றது. "அவனுக்கு உள்ளம் உண்டா?" என அங்கு கேட்கின்றனர். "அவர்கள் நம்மவரா?" என இங்கு கேட்கின்றோம். இரு கேள்விகளுக்கும் உறவு நெருக்கமானது.

இனி, அந்நியச் சரக்கு என்னும் முதற் குற்றச்சாட்டை நோக்குவோம். இதனைக் கூறுவோர் தம் பாட்டிமார் கேட்டு மகிழ்ந்த கதைகளை மறந்துவிட்டனர் போலும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலை, பெரிய எழுத்துப் பதிப்பாக மலிவு விலையில் அச்சாகித் தமிழ் வழங்கும் இடமெங்கும் பரவிய நூல். அதன் தலைவி மதுரையை ஆளும் அரசி, ஆணை அண்டவிடாதவள், படை நடத்துபவள். தலைவனோ வில்லுக்குப் பெயர்பெற்ற அருச்சுனன். இவ்விருவரும் சேர்வார்களா என்ற ஆவலே அந்நூலை மக்கள் திரும்பத் திரும்ப வாங்கி வாசிக்கச் செய்தது. அட்டையிற் படமும், உள்ளே பெரிய எழுத்தும், இடையிடையே சித்திரமும் கொண்ட அம்மலிவுப் பதிப்பு தன் காலத்துச் சித்திரக்கதையன்றி வேறென்ன?

தமிழ் முஸ்லிம்களின் மரபும் இதற்கு விலக்கன்று. படைப்போர், கிஸ்ஸா, மசலா என நாம் வளர்த்த வகைகளிற் பல, வீரத்தையும் வியப்பையும் கலந்து தரும் கதைகளே. சைத்தூன் கிஸ்ஸா அவற்றுள் ஒன்று. அலி (ரலி) அவர்களின் மைந்தர் முகம்மது ஹனீபாவையும், போரில் வல்ல அரசிளங்குமரி சைத்தூனையும் அது எதிரெதிராக நிறுத்துகின்றது. இக்கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சையத் ஹம்சா என்னும் புலவர் இதனை வங்காளத்திலும் பாடியுள்ளார். அங்கு அவள் பெயர் சைகுன். தன்னைப் போரில் வெல்பவனையே மணப்பேன் எனச் சூளுரைத்தவள் அவள். ஒரே கதை வங்கக் கடலின் வடகரையிலும் தென்கரையிலும் வாசகரைப் பெற்றதாயின், அதன் ஈர்ப்பு ஒரு நாட்டுக்கோ ஒரு மொழிக்கோ உரியதாக இருத்தல் இயலாது. நியூயோர்க்கில் அச்சான ஒன்றைக் கண்டதும் அந்நியம் எனக் கூவுவோர், தம் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று.

அலுமாரிகூட வேண்டியதில்லை. பொத்துவில் தொடக்கம் கல்முனை வரையுள்ள வயல்வெளிகளில் வழங்கிய நாட்டார் கவிகளை நினைவு கூர்ந்தாலே போதும். எஸ். முத்துமீரான் முதலியோர் அரிதின் முயன்று தொகுத்த அக்கவிகளிற் பெண்குரல் ஓங்கி ஒலிப்பதை எவரும் அறிவர். அவள் மச்சானை அழைக்கின்றாள், ஏசுகின்றாள், நிபந்தனை விதிக்கின்றாள், பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்கின்றாள், பின்பு மனமிரங்கி வரச்சொல்கின்றாள். அவன் ஒரு கவி கட்டினால் அவள் ஒரு கவி கட்டுகின்றாள். வாளுக்குப் பதிலாகச் சொல் சுழல்கின்ற போர் அது. எதிர்த்து நிற்க வல்லவளின் காதலே சுவை என்பதைப் படிப்பறிவற்றவர் என நாம் கருதும் நம் வேளாண்மைக்காரர் நன்கு அறிந்திருந்தனர்.

சிறுபிள்ளைத்தனம் என்னும் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நெடிய மறுமொழி தேவையில்லை. மட்டக்களப்புக் கூத்தையும் ஒருகாலத்திற் படித்தோர் இவ்வாறே பழித்தனர். விடியவிடிய நாட்டுப்புறத்தார் ஆடும் ஆட்டம், அதிற் கலையென்ன கல்வியென்ன என்றனர். 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போரை மேடையேற்றினார்; பின்பு இராவணேசன் வந்தது. இன்று கூத்தைப் பற்றிய ஆய்வேடுகளை எழுதாத தமிழ்த்துறை இந்நாட்டில் உண்டா? ஒரு தலைமுறை நகைத்த பொருளை அடுத்த தலைமுறை பாடமாக ஏற்பதைக் கண்ணாரக் கண்ட பின்னரும், சித்திரக்கதை என்றதும் அதே நகைப்பை நாம் நகைக்கின்றோம். தமிழிலேயே இவ்வகைக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் மாயாவியே அதன் முதல் வீரன். அவன் பிரித்தானிய இதழொன்றிலிருந்து வந்தவன் எனினும், தமிழ் வாசகர் அவனைத் தம்மவனாகவே ஏற்றுக்கொண்டனர். இவ்வரலாற்றை எழுதாமல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழரின் வாசிப்பைப் பற்றி எழுதப்படும் எந்நூலும் அரைகுறையானதே.

மூன்றாவது குற்றச்சாட்டே கனமானது. அதனை முன்வைப்போர் நாம் மதிக்கும் முற்போக்கு மரபிலிருந்து வருபவர். வயிற்றுப்பாட்டுக்கு அல்லற்படும் மக்களுக்குப் பறக்கும் மனிதரின் காதலைக் காட்டுவது மயக்கமருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர்தம் வாதம். மயக்கமருந்தாக அமையும் கதைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே எந்த வேட்கை தீர்க்கப்படுகின்றது என அவர்கள் கேட்கவில்லை. செல்வ வேட்கையா? பழிவாங்கும் வேட்கையா? இரண்டுமல்ல. ஒருவரையொருவர் கட்டாயப்படுத்த முடியாத இருவரின் காதலைக் காணும் வேட்கையே அது.

இதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். நம் நடைமுறை வாழ்விற் காதலும் திருமணமும் எத்தனையோ நெருக்குதல்களுக்கு நடுவே நிகழ்கின்றன. தந்தையின் சொல், தாய்மாமனின் உரிமை, சீதனம், ஊர்ப்பேச்சு, வயது ஏறுகின்றது என்ற அச்சம் ஆகியன ஒருங்கே கூடி ஒரு பெண்ணின் "ஓம்" என்ற சொல்லைப் பெறுகின்றன. ஆணும் இவற்றுக்கு முற்றாகத் தப்பியவனல்லன். அந்தச் சொல்லில் அவர்களின் பங்கு எவ்வளவு, சுற்றத்தாரின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. ஆனால் மலையைப் பெயர்க்கவல்ல ஒருத்தி "ஓம்" என்றால் அது அவளது சொல். அவளை அச்சுறுத்தி அதனைப் பெற்றிருக்க முடியாது. விலை கொடுத்தும் பெற்றிருக்க முடியாது. அவளுக்குச் சமமான வலிமையுடையவன் அவள் முன் நின்று கேட்கத்தான் முடியும். அதிமனித ஆற்றல் என்னும் கற்பனை இங்கே ஆற்றும் பணி, மற்றெல்லா நெருக்குதல்களையும் நீக்கி விருப்பத்தை மட்டும் தனித்து நிறுத்திக் காட்டுவதாகும். வேதியியற் கூடத்திற் கலப்பில்லாப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் இயல்பை ஆராய்வதை யாரும் மயக்கம் என்பதில்லை. மனமொத்த சம்மதத்தின் இயல்பை இவ்வாறு பிரித்துக் காட்டும் கதை மட்டும் எப்படி மயக்கமாகும்?

இதுவரை வாசகரின் பக்கம் நின்று பேசினேன். இனிக் கதைகாரரை நோக்கிப் பேசவேண்டியுள்ளது. வாசகருக்கு அவர்கள் கொடுத்த வாக்கை அவர்கள் காத்தனரா? பெரும்பாலும் காக்கவில்லை என்றே கூறவேண்டும்.

அல்லியையே எடுத்துக்கொள்வோம். வீரத்தால் அவளை வெல்ல இயலாது எனக் கண்ட அருச்சுனன், கண்ணனின் துணையுடன் பாம்பு உருவெடுத்து அவளது பள்ளியறையுட் புகுகின்றான். அவள் உறங்கும் வேளையில் தாலியைக் கட்டிவிடுகின்றான். விழித்தெழுந்தவள் சினங்கொண்டு போருக்கு எழுகின்றாள். எனினும் கட்டியது கட்டியதே என்பதுதான் கதையின் தீர்ப்பு. அடுத்து வரும் பவளக்கொடி மாலையில், மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, அதனைத் தேடிச்சென்ற கணவன் பவளக்கொடி என்னும் இன்னொருத்தியை மணக்கின்றான். மதுரையை நடுங்க வைத்தவள் இப்போது வழிபார்த்திருக்கும் மனைவி. இக்கதை திரைக்கும் ஏறியது. 1934 இல் வெளிவந்த பவளக்கொடி, எம். கே. தியாகராஜ பாகவதரின் முதற் படம். உறங்கியவளுக்குக் கட்டப்பட்ட தாலியைப் பற்றி நம் ரசிகர் எவரும் அன்று கேள்வி எழுப்பியதாகத் தெரியவில்லை. சைகுனின் கதையிலும், அவள் தோற்ற பின்னரே மணமகளாக முடிகின்றது. அவள் வென்றிருந்தால் கதை என்னவாகியிருக்கும்? அப்படியொரு கிஸ்ஸாவைப் பாடப் புலவர் துணியவில்லை.

அமெரிக்கர் இதனிலும் மேலானவர் என எண்ணவேண்டாம். வெளவால் மனிதனாகிய பற்மனும், திருட்டையே தொழிலாகக் கொண்ட பூனைப்பெண் செலீனாவும் 1940 தொட்டுப் பகைவரும் காதலருமாகத் திகழ்பவர்கள். 1977 இல் வெளிவந்த ஒரு கதையில் அவர்களின் திருமண வாழ்வு கூறப்பட்டது. மணமானதும் செலீனா தன் பூனை உடையைக் களைந்து வைத்துவிடுகின்றாள். பின்பு ஒருவன் மிரட்டியதால் அதனை மீண்டும் ஒருமுறை அணிகின்றாள், அன்றே மாண்டுபோகின்றாள். வாண்டாவின் முடிவு இதனிலும் கொடிது. 1980களின் நடுவில் அவளுக்கு இரட்டை ஆண்குழந்தைகளைக் கொடுத்த கதைகாரர், 1989 இல் கணவனைத் துண்டு துண்டாகப் பிரித்து உணர்ச்சியற்ற பொறியாக்கினர். குழந்தைகள் உண்மையானவையல்ல என்றனர். அவளது அறிவையும் பேதலிக்கச் செய்தனர். ஆற்றல் மிக்க பெண் அன்பு செய்தால் பித்துப் பிடிக்கும் என்பது அதன் உட்பொருள். அத்துயரையே 2021 இல் ஒன்பது பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கி உலகெங்கும் விற்றனர். 2018 இல் பற்மன்–செலீனா திருமணத்தை ஓராண்டுக்கு மேலாக அறிவித்து, ஐம்பதாவது இதழ்வரை வாசகரை இழுத்துச் சென்று, மணநாளில் அவளை ஓடவைத்தனர். மகிழ்ச்சியடைந்த வீரன் வீரனாக நீடிக்கமாட்டான் என்பது கூறப்பட்ட நியாயம். அதே மகிழ்ச்சி அவளுக்கும் உரியதாயிற்றே என யாரும் கவலைப்படவில்லை.

ஆக, இக்கதைகளுக்கு வழங்கிவரும் முடிவுகள் மூன்று. அவள் அடங்கவேண்டும், அல்லது அழியவேண்டும், அல்லது திருமணமே நிகழாதிருக்க வேண்டும். மூன்றாவது முடிவின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மாடஸ்டி பிளைசி. பீற்றர் ஓ'டொனல் 1963 இல் இலண்டன் நாளேடொன்றுக்காகப் படைத்த இப்பாத்திரம், 1984 இல் லயன் காமிக்ஸின் முதல் இதழ் வழியாகத் தமிழுக்கு வந்தது. மாடஸ்டி அதிமனித ஆற்றல் உடையவளல்லள், பயிற்சியால் வல்லவளானவள். 1942 இல், படைவீரராக ஈரானில் இருந்தபோது, அகதியாய்த் தன்னந்தனியே நடந்துவந்த ஒரு சிறுமியைக் கண்ட நினைவே இப்பாத்திரத்துக்கு வித்து என ஆசிரியர் கூறியுள்ளார். அவளின் தோழன் வில்லி கார்வின் கத்தி எறிவதில் வல்லவன். அவளை இளவரசி என்றே அழைப்பவன். அவளுக்காக உயிரையும் கொடுப்பவன். ஆயினும் இருவரும் ஒருபோதும் காதலராவதில்லை. 1996 இல் வெளியான இறுதிக் கதைத் தொகுப்பில் ஒரே களத்தில் இருவரும் மடிகின்றனர், அதுவரையும் தோழமையே.

பொத்துவிலில் அட்டை கிழிந்து கைமாறி வந்த மாடஸ்டி கதையொன்றை எங்கள் வீட்டு அடுக்களையில் உரத்து வாசித்த என் மூத்த சகோதரி, வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். "இவள் கலியாணம் முடிச்சா இவள்ர துவக்க ஆரு வெச்சிரிப்பா?" எனக்கு அப்போது விடை தெரியவில்லை. ஓ'டொனலுக்கும் தெரிந்திருக்கவில்லை போலும். தெரிந்திருந்தால் அவர்களை மணமுடித்து வைத்திருப்பார். அவர் நேர்மையான கலைஞர். ஆதலால் அவளின் துவக்கைப் பறிப்பதற்குப் பதிலாகத் திருமணத்தைத் தவிர்த்தார். அவளின் பெருமையைக் காக்க அவருக்கு வேறு வழி தென்படவில்லை. அவர் காலத்து உலகின் மீது அதனினும் கடிய தீர்ப்பு வேறில்லை.

இக்கேள்வி நம் கரையில் எழுந்தது தற்செயலன்று. பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் திருமணமான ஆண் பெண்ணின் வீட்டுக்கே குடிபோகின்றான். குடி என்னும் தாய்வழி முறை இன்னும் நம் பள்ளிவாசல் நிருவாகங்களிலும் நினைவுகளிலும் நின்று நிலவுகின்றது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் இதனைக் கண்டு வியந்து, இங்கே பெண்ணுக்கு உயர்வு உண்டு என எழுதிச் செல்கின்றனர். வீடு அவள் பெயரில் இருப்பது உண்மையே. அவ்வீட்டைக் கட்டித்தர இயலாத தந்தையின் மகள் எத்தனை ஆண்டு காத்திருக்கின்றாள் என்பதும் உண்மையே.

மேலும் ஒன்று. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கோராது விட்டது. மணமகன் ஒப்பமிடுவான், அவளின் வலி ஒப்பமிடுவார், அவள் ஒப்பமிடவேண்டியதில்லை. பெண்ணின் சம்மதமின்றி அவளை மணமுடித்துக் கொடுக்கலாகாது என நபிமொழி வலியுறுத்துவதை அறிந்த சமூகம், அச்சம்மதத்தை அவள் கையால் எழுதி வாங்கும் ஏற்பாட்டை அச்சட்டத்தில் வைக்கவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைக்கப்பட்ட சீர்திருத்தக் குழு தன் அறிக்கையை 2018 இல்தான் கையளித்தது. இக்கையொப்பத்தைக் கேட்டுக் குரலெழுப்பிய பெண்களை மேனாட்டு மோகங் கொண்டவர்கள் என்று ஏசியோரும், சித்திரக்கதைக் காதலை அந்நியச் சரக்கு என்போரும் பயன்படுத்துவது ஒரே மொழி. உறங்கும் அல்லிக்குக் கட்டிய தாலியைப் பாட்டில் ஏற்றுக்கொண்ட உள்ளத்துக்கு, மணமகளின் பெயருக்கு நேரே உள்ள வெற்றிடம் கண்ணிற் படாததில் வியப்பில்லை.

ஒரு சித்திரக்கதைக்கும் ஒரு சட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது மிகை எனச் சிலர் கூறக்கூடும். கதை வாசித்ததனால் எந்தச் சட்டமும் திருந்தியதில்லை என்பது மெய். ஆயினும் எதனை வேண்டுகின்றோம் என்று அறியாதவர் எதனையும் கேட்டுப் பெற்றதுமில்லை. விழித்திருக்கும் இருவர், தம்மை எவரும் வற்புறுத்த இயலாத நிலையில், ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் காட்சியைப் பதினைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை வாசித்துவிட்டால், தன் வாழ்வில் அதன் குறைந்தபட்ச வடிவமாக ஒரு கையொப்பத்தையேனும் கேட்க அவளுக்குத் தோன்றும். இதனைத்தான் நம் விமர்சகர் நஞ்சு என்கின்றனர்.

விமர்சகருக்கு நாம் கூறவேண்டியது இதுவே: வாசகரின் வேட்கையைப் பழிக்காதீர், அவ்வேட்கையை ஏமாற்றிய கதைகாரரைப் பழியுங்கள். அல்லியை அடக்கிய புலவரையும், செலீனாவைக் கொன்ற, வாண்டாவைப் பித்தியாக்கிய எழுத்தாளரையும் ஒரே தராசில் வைத்து நிறுங்கள். அவ்வாறு செய்தால், நீங்கள் கீழானது என ஒதுக்கிய பக்கங்களிலும் மேலானது எனப் போற்றிய பக்கங்களிலும் அதே குறை இருப்பதைக் காண்பீர்கள்.

எழுதும் ஆற்றலுடைய மாணவருக்குக் கூறவேண்டியதும் ஒன்று உண்டு. மேற்கூறிய மூன்று முடிவுகளுக்கும் அப்பால் நான்காவது முடிவு ஒன்று இன்னும் எழுதப்படக் காத்திருக்கின்றது. அதில் அல்லி விழித்திருப்பாள். அருச்சுனன் பாம்பாக வராமல் வாசல் வழியே வந்து கேட்பான். அவள் எண்ணிப் பார்த்து விடை சொல்வாள். மணம் முடிந்த மறுநாளும் மதுரையின் படைக்கு அவளே தலைவி. அவள் துவக்கு அவள் கையிலேயே இருக்கும். நம் வயல்வெளிகளில் ஒருகாலத்தில் எதிர்க்கவி கட்டிய பெண்களின் பேரப்பிள்ளைகள் அக்கதையை எழுதலாம், சித்திரமாகவே வரையலாம். அது அச்சேறும் நாளில் இந்த ஏட்டின் ஆசிரியர் குழு அதனைப் பிரசுரிக்கத் தயங்காதிருக்க வேண்டும்.